காணாக்கடிக்கு எந்த மாத்திரை?

வணக்கம் மக்களே. தோலில் அரிப்போடு தடிப்பு எழுகிற காணாக்கடிக்குச் செட்டிரிசினா, ஃபெக்சோஃபெனடினா, எது நல்லது என்று ஆளாளுக்குக் கேட்கிறீர்கள். நான் டாக்டர் இல்லை, இந்தத் தடிப்போடு குடித்தனம் நடத்துகிற ஆள். அந்த அளவில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆறு வாரத்துக்கு மேல் தடிப்பு வந்து வந்து போனால் அது நாள்பட்ட காணாக்கடி. பெரும்பாலும் வெளிக்காரணம் எதுவும் சிக்காது. தோலில் உள்ள மாஸ்ட் செல்கள் என்ற எதிர்ப்புச் செல்கள், அரிப்பையும் தடிப்பையும் கிளப்புகிற ஹிஸ்டமினைத் தாமாகவே கொட்டும். தினமும் என்ன தின்றோம் என்று துப்பறிவதை நான் விட்டுவிட்டேன்.

சரி, மாத்திரைக்கு வருவோம். ஹிஸ்டமினைத் தடுக்கிற மாத்திரைகளில் குளோர்பெனிரமின், ஹைட்ராக்சிசின் எல்லாம் பழைய ரகம். அரிப்பு அடங்கும், கூடவே ஆளும் அடங்கிவிடுவார். மூளைக்குள் போகிற மருந்து என்பதால் மறுநாளும் தலை மந்தமாக இருக்கும். இப்போது இவற்றை முதலில் எழுதச் சொல்வதில்லை.

புது ரகத்தில் செட்டிரிசின் 10 மில்லிகிராம். ஹைட்ராக்சிசின் உடம்புக்குள் மாறி உருவாவதே இதுதான். இதில் முக்கியமாக வேலை செய்கிற பாதியைப் பிரித்தெடுத்தால் லெவோசெட்டிரிசின், 5 மில்லிகிராம். இரண்டும் ஒரே குடும்பம், மாற்றிப் போட்டால் அதிசயம் நடக்காது. சிலருக்குத் தூக்கம் வரும். எனக்கும் வரும், அதனால் இரவில்தான் போடுவேன்.

ஃபெக்சோஃபெனடின் 180 மில்லிகிராமில் தூக்கத் தொல்லை மிகக் குறைவு. ஆனால் தண்ணீரில்தான் விழுங்க வேண்டும். ஆப்பிள், ஆரஞ்சு ஜூஸோடு போட்டால் மருந்து சரியாக உடம்பில் சேராது. பிலாஸ்டின் 20 மில்லிகிராம் என்றால் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ இரண்டு மணி நேரம் பின்போ. "மாத்திரை கேட்கவே இல்லை" என்று புலம்பும் முன் இதைப் பாருங்கள்.

அப்புறம், தடிப்பு வந்த பிறகு தேடிப்பிடித்துப் போடுவதில் பெரிய பலன் இல்லை. வந்தாலும் வராவிட்டாலும் தினமும் போட வேண்டும். இரண்டு முதல் நான்கு வாரத்தில் அடங்காவிட்டால் டாக்டர் அதே மருந்தின் அளவைக் கூட்டுவார், நான்கு மடங்கு வரைகூட. நீங்களாகக் கூட்டாதீர்கள், சிறுநீரகக் கோளாறு இருந்தால் கணக்கே வேறு. அதற்கும் மசியாவிட்டால் ஒமலிசுமாப் ஊசி, நான்கு வாரத்துக்கு ஒருமுறை 300 மில்லிகிராம். நாக்கோ தொண்டையோ வீங்கி மூச்சு முட்டினால் மாத்திரைக் கணக்கெல்லாம் கிடையாது, நேராக அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

செட்டிரிசின், லெவோசெட்டிரிசின் நீண்ட நாள் போட்டவர்கள் சட்டென்று நிறுத்தினால் அரிதாகக் கடும் அரிப்பு வரலாம் என்று 2025இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ எச்சரித்தது. அதனால் நிறுத்துவதையும் டாக்டரிடம் கேட்டே செய்யுங்கள்.