கோபேயில் குலுக்கல் போட்டு வீடு கொடுத்தார்கள்

எல்லாருக்கும் வணக்கம்.

பேரிடரும் நகரமும் என்று தலைப்புக் கொடுத்ததும் 2015 சென்னை வெள்ளத்தைத்தான் பேசுவேன் என்று நினைத்திருப்பீர்கள். அதைப் பற்றி நீங்களே எனக்குச் சொல்லலாம், இடுப்பளவு தண்ணீரில் நின்றவர்கள் இந்த அரங்கத்திலேயே இருப்பீர்கள். இன்றைக்கு ஜப்பானின் கோபே நகரத்துக்குப் போவோம். சென்னைக்குக் கடைசியில் வந்துவிடுகிறேன்.

1995 ஜனவரி 17, விடியற்காலை 5.46. நிலம் குலுங்கியது சுமார் 20 விநாடிதான். 6,434 பேர் இறந்தார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் முழுதாக இடிந்தன. தூண்கள் மேல் ஓடிய ஹான்ஷின் விரைவுச்சாலை 600 மீட்டருக்கும் அதிகமான நீளத்துக்கு அப்படியே பக்கவாட்டில் சாய்ந்துவிட்டது. உலகம் முழுக்கப் பத்திரிகைகளில் வந்தது அந்தப் படம்தான். ஆனால் அதிகம் பேரைக் கொன்றவை பழைய மரவீடுகள். கனமான ஓட்டுக்கூரை, கீழே அதைத் தாங்கத் திராணியில்லாத மரச்சட்டங்கள். படுக்கையிலேயே நசுங்கியும் மூச்சு முட்டியும் போனவர்களே பெரும்பாலோர். இறந்தவர்களில் பாதிக்கு மேல் 60 வயதைத் தாண்டியவர்கள். வாடகை குறைந்த பழைய வீட்டில் வேறு யார் இருப்பார்கள்? 1981-இல் கட்டட விதிகளைக் கடுமையாக்கிய பிறகு கட்டியவை பெரும்பாலும் நின்றன. நிலநடுக்கம் ஏழை பணக்காரன் பார்க்காது என்கிறார்கள். கோபேயின் இறப்புக் கணக்கு அப்படிச் சொல்லவில்லை.

சரி, இடிபாட்டுக்குள் சிக்கியவர்களை யார் வெளியே எடுத்தார்கள்? பெரும்பாலும் பக்கத்து வீட்டுக்காரர்கள். நிலநடுக்க மையத்தை ஒட்டிய அவாஜி தீவில் ஹோகுடான் என்று ஓர் ஊர். எந்த வீட்டுப் பாட்டி எந்த அறையில் படுப்பார் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். நேராக அந்த இடத்தில் தோண்டினார்கள். நகரத்துக்குள் நாகாதா வட்டாரத்தில் தீப்பிடித்தது. செயற்கைத் தோலில் காலணி செய்யும் சிறு பட்டறைகள் நெருக்கிக்கொண்டிருந்த இடம் அது. கொரிய, வியட்நாமியக் குடும்பங்களும் அங்கே நிறைய. குடிநீர்க் குழாய்கள் உடைந்துபோனதால் தீயணைப்பு வண்டி வந்தும் தண்ணீர் இல்லை. தெருத்தெருவாக எரிந்தது. அதே வட்டாரத்தில் மானோ என்ற பகுதியில் மட்டும் மக்கள் வரிசையாக நின்று வாளி வாளியாகத் தண்ணீர் கடத்தினார்கள், பக்கத்துத் தொழிற்சாலையின் தீயணைப்புக் குழுவும் கைகொடுத்தது. தீயைப் பரவவிடாமல் நிறுத்திவிட்டார்கள். மானோக்காரர்கள் 1960-களிலிருந்தே ஆலைப் புகைக்கு எதிராகச் சேர்ந்து போராடி, பிறகு தங்கள் பகுதிக்குத் தாங்களே திட்டம் போட்டுப் பழகியவர்கள். அவசரத்தில் யாரைக் கூப்பிட வேண்டும் என்று அங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் பள்ளிக்கூடங்களிலும் பொது மண்டபங்களிலும் தங்கியிருந்தார்கள். அரசு சும்மா இருக்கவில்லை, சில மாதங்களில் ஏறத்தாழ 48,000 தற்காலிக வீடுகளைக் கட்டி முடித்தது. வேகத்தைக் குறை சொல்லவே முடியாது. ஆனால் காலி நிலம் கிடைத்தது பெரும்பாலும் ஊருக்கு வெளியே, மலைப்பக்கத்தில், கடலில் மண் கொட்டி உருவாக்கிய தீவுகளில். யாருக்கு எந்த வீடு என்பதைக் குலுக்கல் போட்டு முடிவு செய்தார்கள். முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் முன்னுரிமை. கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கிறது, நானும் அந்த நாற்காலியில் இருந்திருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

விளைவு என்ன? ஒரே தெருவில் நாற்பது வருடம் இருந்தவர்கள் ஆளுக்கொரு மூலைக்குப் போனார்கள். முகம் தெரியாத முதியவர்கள் வரிசையாகப் பக்கத்துப் பக்கத்துக் கதவுகளுக்குப் பின்னால் இருந்தார்கள். வழக்கமாகப் போகும் மருத்துவர் இல்லை, மீன்கடைக்காரர் இல்லை, கதவைத் தட்ட ஆளில்லை. தற்காலிக வீடுகள் இருந்த ஐந்து ஆண்டுகளில் 233 பேர் தனியாக இறந்து கிடந்தார்கள். நிலநடுக்கத்தில் தப்பித்தவர்கள் இவர்கள்.

நகரத் திட்டத்திலும் இதே அவசரம். நிலநடுக்கம் நடந்து சரியாக இரண்டு மாதத்தில், மார்ச் 17 அன்று, அகலச் சாலை, பூங்கா, அடுக்குமாடி என்று மறுசீரமைப்புத் திட்டங்களை உறுதி செய்தார்கள். மக்கள் கொதித்தார்கள். அதன் பிறகுதான் பகுதிவாரியாகக் குடியிருப்போர் குழுக்களுடன் உட்கார்ந்து நுணுக்கங்களைப் பேச ஆரம்பித்தார்கள். நாகாதாவின் தெற்கில், ஷின்-நாகாதா ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், பெரிய கட்டடங்கள் எழும்பின. பழைய சந்தைத் தெருவின் கூட்டம் திரும்பவில்லை. அந்த வணிக வளாகங்களில் ஷட்டர் இறக்கிய கடைகள் ஏராளம்.

ஆனாலும் ஜப்பான்காரர்கள் கணக்கை எழுதிவைத்துப் படித்தார்கள், அதை ஒத்துக்கொள்ள வேண்டும். 2004 அக்டோபரில் நீகாதா மாகாணத்தில் நிலநடுக்கம். யாமாகோஷி என்ற மலைக்கிராமம் முழுவதையும், ஏறத்தாழ 2,000 பேரை, நாகாவோகா நகரத்துக்கு இறக்கினார்கள். இந்த முறை குலுக்கல் இல்லை. எந்தக் குக்கிராமத்துக்காரர்களோ அவர்களை அப்படியே ஒரே வரிசையில் குடிவைத்தார்கள். கூட்டம் போட, சண்டை போட, திரும்பிப் போவதா வேண்டாமா என்று பேச ஆள் இருந்தது. பெரும்பகுதியினர் மலைக்குத் திரும்பினார்கள்.

இப்போது சென்னை. 2004 சுனாமிக்குப் பிறகு கடலோரத்து மக்களை நகரத்தின் தெற்கு ஓரத்தில் இருக்கும் செம்மஞ்சேரிக்கு அனுப்பினோம். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரைக் குடும்பங்களை அதே பக்கத்தில் இருக்கும் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினோம். ஆற்றங்கரை ஆபத்து என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் வீட்டுவேலைக்கும் மீன் விற்கவும் போகிற பெண்ணுக்கு அந்தத் தூரம் என்ன செய்யும் என்று யார் கேட்டார்கள்? பக்கத்து வீட்டு அக்காவிடம் பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போனவர், அக்கா வேறு பிளாக்குக்குப் போய்விட்டால் என்ன செய்வார்?

இங்கே வந்திருக்கிற பொறியியல் மாணவர்களுக்கும் அதிகாரிகளுக்கும் ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஒதுக்கீட்டுப் பட்டியல் போடும்போது பெயருக்குப் பக்கத்தில் பழைய தெருவின் பெயருக்கும் ஒரு பத்தி சேர்த்து, அதன்படி மாடிகளைப் பிரியுங்கள். கட்டடச் செலவு அதனால் ஏறாது, பட்டியல் எழுதுகிறவருக்கு இரண்டு வாரம் வேலை கூடும். கேள்வி இருந்தால் கேளுங்கள், ஒலிபெருக்கி அந்தப் பக்கமும் இருக்கிறது.