கிலோவை ஒப்பிடும் முன்

நேயர்களுக்கு வணக்கம்.

பளு தூக்கிப் பழகுகிற இருவர் சந்தித்தால், பெயர் கேட்ட கையோடு வருகிற கேள்வி, "பெஞ்ச் எவ்வளவு அடிக்கிறீங்க?" என்பதுதான். பெஞ்ச் என்றால் பெஞ்ச் பிரஸ்: மல்லாந்து படுத்து, கம்பியை நெஞ்சுக்கு இறக்கி மேலே தள்ளுவது. பதில் காதில் விழுந்ததும் மனசு தன் கணக்கோடு ஒட்டிப் பார்த்துவிடும். இதில் தப்பு எதுவும் இல்லை. வலிமையை வளர்க்க உழைக்கிறவருக்கு, தான் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துகொள்ளும் ஆசை இருக்கத்தான் செய்யும். ஆனால் போட்டிக்குப் போகாமல் விருப்பத்துக்காகத் தூக்குகிறவர்களுக்கு நடுவர் கிடையாது, எடைப்பிரிவு கிடையாது. அங்கே நடுவர் பார்க்கிற வேலையை இங்கே நாமேதான் பார்க்க வேண்டும். எத்தனை கிலோ என்று கேட்பதற்கு முன்னால், அந்தக் கிலோ எப்படித் தூக்கப்பட்டது, யார் தூக்கினார் என்று கேட்க வேண்டும்.

ஸ்குவாட்டையே எடுத்துக்கொள்வோம். இருவர் 100 கிலோவைத் தோளில் ஏற்றுகிறார்கள். பக்கவாட்டில் நின்று பாருங்கள். முதலாமவர் உட்காரும்போது, தொடை இடுப்போடு மடிகிற இடம் முழங்காலின் மேல்மட்டத்தைவிடக் கீழே இறங்குகிறது, அங்கிருந்து எழுகிறார். பவர்லிஃப்டிங், அதாவது ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ், டெட்லிஃப்ட் மூன்றையும் வைத்து நடக்கும் போட்டியில் கேட்கப்படும் ஆழம் இதுதான். இரண்டாமவர் பாதி வழியிலேயே திரும்பிவிடுகிறார். முழங்கால் கொஞ்சமாக மடிந்திருக்கும் நிலையில் கால்கள் அதிக பாரம் தாங்கும். கஷ்டமான பகுதி கீழே இருக்கிறது, அதை இவர் தொடவே இல்லை. இருவர் நோட்டிலும் 100 என்றே எழுதியிருக்கும். பெஞ்ச் பிரஸ்ஸும் அப்படியே. போட்டியில் கம்பி நெஞ்சில் அசையாமல் நின்ற பிறகுதான் நடுவர் 'பிரஸ்' என்று குரல் கொடுப்பார். நெஞ்சில் தட்டி எழுப்பினால் அது வேறு தூக்கு. டெட்லிஃப்ட் என்பது கம்பியைத் தரையிலிருந்து தூக்கி நிமிர்ந்து நிற்பது. அதில் மணிக்கட்டுப் பட்டையைக் கம்பியில் சுற்றித் தூக்கினால், பிடியின் பலம் கணக்கில் வராது.

கம்பியின் எடையையும் யாரும் சரிபார்ப்பதில்லை. ஒலிம்பிக் பளுதூக்கலில் ஆண்களுக்கு 20 கிலோ கம்பி, பெண்களுக்கு 15 கிலோ கம்பி. ஜிம்மில் கிடக்கிற கம்பி அந்த எடைதான் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஒருமுறை தராசில் வைத்துப் பார்த்துவிடுங்கள். பவுண்டு பிளேட்டும் கிலோ பிளேட்டும் கலந்து கிடந்தால் இன்னும் கவனம் வேண்டும். 45 பவுண்டு பிளேட் 20.4 கிலோ.

சரி, தூக்கு ஒன்றுதான், விதியும் ஒன்றுதான் என்று வைத்துக்கொள்வோம். அடுத்து உடல் எடை. ஒலிம்பிக் பளுதூக்கலில் இரண்டு தூக்குகள்: கம்பியைத் தரையிலிருந்து ஒரே வீச்சில் தலைக்கு மேல் கொண்டுபோவது ஸ்நாட்ச்; முதலில் தோளுக்கு (கிளீன்), பிறகு தலைக்கு மேல் (ஜெர்க்) என்று இரண்டு கட்டமாக ஏற்றுவது கிளீன் அண்ட் ஜெர்க். 1988-இல் சியோல் ஒலிம்பிக்கில் துருக்கியின் நயீம் சுலேமனோக்லு 60 கிலோ பிரிவில் ஸ்நாட்ச்சில் 152.5, கிளீன் அண்ட் ஜெர்க்கில் 190, மொத்தம் 342.5 கிலோ தூக்கினார். அந்த 190, அவர் உடல் எடையின் மூன்று மடங்குக்கும் மேல். 2021-இல் தாஷ்கண்ட் உலகப் போட்டியில் ஜார்ஜியாவின் லாஷா தலஹாட்சே ஸ்நாட்ச்சில் 225, கிளீன் அண்ட் ஜெர்க்கில் 267, மொத்தம் 492 கிலோ தூக்கினார். அவர் உடல் எடை சுமார் 175 கிலோ; 267 என்பது அதில் ஒன்றரை மடங்கு. இவர்களில் யார் பலசாலி? கிலோவை வைத்துப் பார்த்தால் ஒரு பதில், மடங்கை வைத்துப் பார்த்தால் நேர் எதிர்ப் பதில்.

நம்மில் பலர் மடங்குக் கணக்கையே நியாயமானது என்று நம்புகிறோம். "உடல் எடையில் ஒன்றரை மடங்கு ஸ்குவாட் போடுகிறேன்" என்பது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தக் கணக்கு கனமான உடம்புக்காரர்களுக்கு அநியாயம் செய்கிறது. தசையின் பலம் அதன் குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது. எடையோ கன அளவைப் பொறுத்தது. உடம்பு எல்லாப் பக்கமும் ஒரே விகிதத்தில் இரண்டு மடங்கு பெரிதானால் பரப்பு நான்கு மடங்காகும், எடை எட்டு மடங்காகும். எடை கூடும் வேகத்துக்குப் பலம் கூடாது. இந்தக் கணக்குப்படி, 60 கிலோ எடையுள்ளவர் 90 கிலோ ஸ்குவாட் போடுவதும், 120 கிலோ எடையுள்ளவர் ஏறத்தாழ 143 கிலோ போடுவதும் சமம். முதலாமவருக்கு ஒன்றரை மடங்கு, இரண்டாமவருக்கு 1.2 மடங்கு. பெரிய உடம்போடு ஜிம்முக்கு வருகிறவரை "உங்க வெயிட்டுக்கு இது கம்மி" என்று சொல்கிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். அந்தப் பேச்சைக் கேட்டு மனம் விட்டுப்போனவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது பொறுக்காது.

இதைச் சரிசெய்யத்தான் சூத்திரங்கள் வந்தன. ஒலிம்பிக் பளுதூக்கலில் சின்க்ளேர் கணக்கு இருக்கிறது. ஒவ்வொரு ஒலிம்பிக் சுற்றுக்கும் அதன் எண்களைப் புதுப்பிக்கிறார்கள். பவர்லிஃப்டிங்கில் நெடுங்காலம் வில்க்ஸ் புள்ளி இருந்தது. சர்வதேச பவர்லிஃப்டிங் கூட்டமைப்பு 2019-இல் அதைக் கைவிட்டு, அடுத்த ஆண்டு ஜிஎல் புள்ளிக்கு மாறியது. பயன்படுத்துங்கள், ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம். இவையெல்லாம் போட்டியாளர்கள் தூக்கிய எடைகளிலிருந்து பிறந்தவை. பயிற்சியைத் தொடங்கி ஆறு மாதம் ஆனவரின் நிலையை இவை துல்லியமாகச் சொல்லிவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

'தொடக்கநிலை, இடைநிலை, உயர்நிலை' என்று பிரித்துக் காட்டுகிற அட்டவணைகளும் அப்படித்தான். பயனர்கள் தாங்களே பதிந்த எண்களில் இருந்து எடுத்தவை என்றால், அதில் ஊர் முழுக்க இருக்கிற ஆட்கள் இல்லை. தூக்குவதில் ஆர்வம் உள்ளவர்கள், அதிலும் தங்கள் எண்ணைச் சொல்லப் பிடித்தவர்கள் மட்டும் இருக்கிறார்கள். அரை ஸ்குவாட்டும் அதில் கலந்திருக்கும்.

அப்புறம் இந்த 'அதிகபட்சம்' என்கிற எண். பலர் ஒரே ஒரு தடவை தூக்கிப் பார்ப்பதில்லை. ஐந்து ரெப், அதாவது தொடர்ந்து ஐந்து தடவை, போட்டதைச் சூத்திரத்தில் இட்டுக் கணிக்கிறார்கள். 80 கிலோவை ஐந்து ரெப் போட்டால், எப்லி சூத்திரம் 93 கிலோ என்கிறது, பிரிஸிக்கி சூத்திரம் 90 என்கிறது. பத்து ரெப்பில் இரண்டும் ஒரே விடை தரும். பதினைந்துக்குப் போனால் ஒன்று 120 என்கிறது, இன்னொன்று 130-ஐத் தாண்டுகிறது. அதனால் குறைந்த ரெப்பில் கணித்த எண்ணையே நம்புங்கள். நண்பரோடு ஒப்பிடுவதென்றால் இருவரும் ஒரே சூத்திரத்தைப் பயன்படுத்துங்கள்.

வயது, பயிற்சி எடுத்த ஆண்டுகள், உடல்வாகு இவையும் உண்டு. கை நீளமானவருக்கு டெட்லிஃப்டில் கம்பி பயணிக்கும் தூரம் குறையும். அதே கை பெஞ்சில் தூரத்தைக் கூட்டும். பெண்களுக்கும் ஆண்களுக்கும் இடையிலான வித்தியாசம் காலைவிடத் தோளிலும் கையிலும் அதிகம். ஆகவே ஸ்குவாட்டில் இருவருக்கும் உள்ள இடைவெளியை வைத்து ஒரு பெண்ணின் பெஞ்சை எடைபோடுவது பிசகு.

இவ்வளவு தடைகளையும் தாண்டி எனக்கு மிகவும் பயன்படுகிற ஒப்பீடு ஒன்று உண்டு: ஒருவருடைய ஒரு தூக்கை அவருடைய இன்னொரு தூக்கோடு வைத்துப் பார்ப்பது. சற்று முன் சொன்ன எண்களுக்கே வாருங்கள். சுலேமனோக்லுவின் ஸ்நாட்ச், அவருடைய கிளீன் அண்ட் ஜெர்க்கில் 80 சதவீதம். தலஹாட்சேவுக்கு 84. உடம்பில் கிட்டத்தட்ட மூன்று மடங்கு வித்தியாசம், விகிதத்தில் நாலு புள்ளி. இங்கே உடல் எடை அநேகமாகக் கழிந்துவிடுகிறது, சூத்திரமும் வேண்டியதில்லை.

உங்கள் ஸ்நாட்ச் 48, கிளீன் அண்ட் ஜெர்க் 80 என்றால் விகிதம் 60. கால் பலம் இருக்கிறது. கம்பியைத் தலைக்கு மேல் வாங்குகிற நுட்பமோ தோளின் நெகிழ்வோ போதவில்லை என்று முதலில் சந்தேகப்படலாம். விகிதம் 90-ஐத் தொட்டால் ஜெர்க்கைக் கவனியுங்கள், அல்லது கிளீனிலிருந்து எழுகிற கால்களை. எது என்று தெரிய, கம்பியைத் தோளின் முன்பக்கம் வைத்துப் போடுகிற ஃப்ரண்ட் ஸ்குவாட்டைப் பாருங்கள். அதுவும் கிளீனும் ஒட்டிக்கொண்டு நின்றால் குறை காலில். ஃப்ரண்ட் ஸ்குவாட் நன்றாக மேலே இருந்து, கிளீனையும் வாங்கி எழுந்துவிட்டு, தலைக்கு மேல் ஏற்றும்போது மட்டும் நழுவினால், அடுத்த சில வாரங்களுக்கு ஜெர்க்குக்கு நேரம் ஒதுக்குங்கள்.

நன்றி, வணக்கம்.