விரல் வேகமும் வகுப்பறையும்

ஆசிரியப் பெருமக்களுக்கும் பெற்றோருக்கும் வணக்கம்.

ஆசிரியர் அறையில் யாரும் உரக்கச் சொல்லாத ஓர் அச்சத்தைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். ஸ்மார்ட் போர்டில் படம் வரவில்லை. வகுப்பே பார்த்துக்கொண்டிருக்கிறது. கடைசி வரிசையிலிருந்து ஒருவன் எழுந்து வந்து எதையோ இரண்டு தட்டுத் தட்டுகிறான், படம் வந்துவிடுகிறது. பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அந்த ஆசிரியர் பல ஆண்டுகள் கணக்கு நடத்தி, எத்தனையோ பேரைக் கரையேற்றியவராக இருப்பார். அன்றைக்குப் பிறகு அந்த போர்டின் பக்கமே போக மாட்டார். "எனக்கு இதெல்லாம் வராது, பசங்களுக்குத்தான் எல்லாம் தெரியும்" என்று ஒதுங்கிக்கொள்வார்.

அவர் சொன்னதில் இரண்டு பாதியும் தவறு. பிந்தைய பாதியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதை நம்பித்தான் நாம் அதிகம் இழந்திருக்கிறோம்.

2001-ல் மார்க் பிரென்ஸ்கி என்ற அமெரிக்கர், மாணவர்கள் டிஜிட்டல் உலகின் பூர்வகுடிகள், ஆசிரியர்கள் அங்கே வந்து குடியேறியவர்கள் என்று எழுதினார். கேட்கக் கவர்ச்சியாக இருந்தது, உலகம் முழுக்கப் பரவியது. ஆனால் மாணவர்களைச் சோதித்துப் பார்த்தபோது அது தேறவில்லை. எட்டாம் வகுப்பு மாணவர்களின் கணினித் திறனையும் தகவல் திறனையும் பல நாடுகளில் அளக்கும் ஐசிஐஎல்எஸ் ஆய்வு 2018-ல் நடந்தது. இணையத்தில் கிடைக்கும் தகவலைத் தாமே சீர்தூக்கிப் பார்க்கும் உச்ச நிலையை எட்டியவர்கள் 2 சதவீதம் பேர்தான். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் வரலாற்றுக் கல்விக் குழு 2016-ல் வெளியிட்ட ஆய்வில், விளம்பரதாரர் தந்தது என்று எழுதியே வைத்திருந்த ஒரு விளம்பரத்தை நடுநிலைப் பள்ளி மாணவர்களில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் உண்மைச் செய்தி என்று நம்பினார்கள்.

நம் வகுப்பிலேயே பாருங்களேன். ஒரு வீடியோவை வெட்டி ஒட்டிப் பாட்டுச் சேர்த்து ஐந்து நிமிடத்தில் ஏற்றிவிடும் பிள்ளை, தான் எழுதிய கட்டுரை எந்த ஃபோல்டரில் போய் உட்கார்ந்தது என்று தேடித் தவிக்கும். எக்செல்லில் ஒரு சராசரி போடச் சொன்னால் கைபேசியில் கால்குலேட்டரைத் திறக்கும். தேடலில் முதலில் வந்ததை ஏன் நம்பினாய் என்று கேட்டால், "முதல்ல வந்துச்சே சார்" என்று சொல்லும். அவர்களிடம் இருப்பது பழக்கம். அச்சமில்லாமல் தட்டிப் பார்க்கும் துணிச்சல். இரண்டும் நல்லவைதான், நமக்கும் வேண்டியவைதான். ஆனால் அவற்றை அறிவு என்று எண்ணி நாம் பின்வாங்கினால், அந்தப் பிள்ளைக்குச் சொல்லித்தர வேறு யாரும் இல்லை. எல்லாப் பிள்ளைகளும் இப்படி வேகமானவர்களும் இல்லை. வீட்டில் ஒரே கைபேசி, அதுவும் அப்பா வேலையிலிருந்து திரும்பிய பிறகுதான் கைக்கு வரும் என்ற நிலையில் இருப்பவர்களையும் "இந்தக் காலத்துப் பசங்க" என்ற ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம்.

இனி முதல் பாதி, "எனக்கு இதெல்லாம் வராது" என்பது.

அரையோடு மூன்றில் ஒன்றைக் கூட்டச் சொன்னால் ஒரு பிள்ளை ஐந்தில் இரண்டு என்று எழுதுகிறது. மேலே உள்ளதை மேலே கூட்டி, கீழே உள்ளதைக் கீழே கூட்டிவிட்டது என்பது உங்களுக்குப் பார்த்ததும் தெரியும். அடுத்து எந்தக் கேள்வியைக் கேட்டால் அந்தப் பிள்ளையே தன் தவற்றைப் பிடிக்கும் என்பதும் தெரியும்: "அரையை விட ஐந்தில் இரண்டு சின்னதாச்சே, கூட்டினால் குறையுமா?" லீ ஷுல்மன் என்ற கல்வியியலாளர் 1986-ல் இதைத்தான் ஆசிரியருக்கே உரிய அறிவு என்று எடுத்துக்காட்டினார். பாடம் தெரிவது வேறு, அதைப் பிள்ளைகள் எங்கே தவறாகப் புரிந்துகொள்வார்கள் என்று தெரிவது வேறு. 2006-ல் புன்யா மிஸ்ராவும் மேத்யூ கோலரும் அதோடு தொழில்நுட்பத்தையும் சேர்த்து வைத்து எழுதினார்கள். கருவியைத் தனியாகக் கற்றுப் பயனில்லை, இந்தப் பாடத்தில் இந்தச் சிக்கலுக்கு இந்தக் கருவி என்று சேர்ந்தே வர வேண்டும் என்பது அவர்கள் சொன்னதன் சாரம்.

அந்தப் பின்னக் கணக்குக்கே வருகிறேன். அதை ஒரு வினாடி வினா செயலியில் போட்டு, நான்கு விடைகளில் ஒன்றாக ஐந்தில் இரண்டையும் வையுங்கள். ஒரு நிமிடத்துக்குள் வகுப்பில் எத்தனை பேர் அந்தக் குழியில் விழுந்திருக்கிறார்கள் என்று திரையில் தெரிந்துவிடும். கை தூக்கச் சொன்னால் கூச்சப்படும் பிள்ளையின் விடையும் அதில் இருக்கும். செயலி செய்தது எண்ணிக்கை மட்டும். ஐந்தில் இரண்டை அங்கே வைக்க வேண்டும் என்று கண்டவர் ஆசிரியர். கைபேசி வேகமுள்ள எந்த மாணவனுக்கும் அது தோன்றாது.

ஆகவே எல்லாக் கருவிகளையும் துரத்த வேண்டாம். திரைப்படம் வந்தால் பள்ளிக்கூடத்தில் புத்தகமே தேவைப்படாது என்று 1913-லேயே எடிசன் சொல்லியிருக்கிறார். அதற்குப் பின் வானொலி வந்தது, தொலைக்காட்சி வந்தது, புத்தகமும் அப்படியே இருக்கிறது. உங்கள் பாடத்துக்கு எது உதவுமோ அதை மட்டும் எடுங்கள். கணக்கு ஆசிரியருக்கு ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருள் ஒன்று போதும். ஒரு நேர்கோட்டின் சாய்வை நகர்த்த நகர்த்தக் கோடு திரும்புவதைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்கலாம். அறிவியலுக்கு, நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-ல் தொடங்கிய ஃபெட் என்ற இணையச் செயல்விளக்கத் தொகுப்பு இருக்கிறது, பணம் கட்ட வேண்டியதில்லை. ஓர் ஆண்டுக்கு ஒரு கருவி, அதை அடிவரை தெரிந்துகொள்வது என்று வைத்துக்கொள்ளலாம்.

தெரியாததை மாணவரிடம் கேட்கலாமா? தாராளமாகக் கேட்கலாம். ஆனால் அவன் வந்து தட்டிவிட்டுப் போய்விடக் கூடாது. "என்ன செய்தாய், ஏன் செய்தாய், வகுப்புக்குச் சொல்" என்று நிறுத்துங்கள். கையால் செய்ததை வாயால் விளக்கும்போதுதான் அவனுக்கே அது புரியும். எப்போதும் அதே துடுக்கான பையனே எழுந்து வராமல், பேசாத பிள்ளைகளுக்கும் முறை வரட்டும். உங்கள் பாஸ்வேர்டை மட்டும் எந்த மாணவரிடமும் கொடுக்காதீர்கள். மதிப்பெண்ணும் மற்ற பிள்ளைகளின் விவரமும் அதற்குள் இருக்கின்றன.

இப்போது எல்லோரும் கேட்பது செயற்கை நுண்ணறிவைப் பற்றி. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்ததிலிருந்து வீட்டுப்பாடத்தைப் பிள்ளை எழுதியதா, இயந்திரம் எழுதியதா என்ற சந்தேகம் நம்மை அரிக்கிறது. கண்டுபிடித்துத் தரும் மென்பொருளை நம்பி எந்தப் பிள்ளையையும் குற்றவாளி ஆக்காதீர்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே அப்படி ஒரு கருவியை வெளியிட்டது. அவர்கள் சோதனையிலேயே இயந்திரம் எழுதியதில் 26 சதவீதத்தைத்தான் அது பிடித்தது, மனிதர் எழுதியதில் 9 சதவீதத்தை இயந்திரம் எழுதியதாகச் சொன்னது. துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் அதை நிறுத்திவிட்டார்கள். அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஏழு கருவிகளைச் சோதித்தபோது, ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் எழுதிய கட்டுரைகளில் சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்டவை இயந்திரம் எழுதியவை என்று முத்திரை குத்தப்பட்டன. எளிய சொற்களில் எழுதியதுதான் அவர்கள் செய்த பிழை! வேறொரு மொழியில் தட்டுத்தடுமாறி, சொந்தமாக எழுதிய பிள்ளையைக் கூப்பிட்டு "நீ திருடினாய்" என்று சொன்னால், அது மறுபடி மனம் ஒப்பிப் பேனாவைத் தொடுமா?

அதைவிட நம்பகமான வழி நம்மிடம் எப்போதும் இருந்திருக்கிறது. பிள்ளையை அருகில் உட்காரவைத்து, "இந்தப் பத்தியில் என்ன சொல்ல வந்தாய்?" என்று இரண்டு நிமிடம் பேசுங்கள். எழுதியவர் யார் என்பது தெரிந்துவிடும். முதல் வரைவை வகுப்பிலேயே கையால் எழுதச் சொல்லுங்கள். அந்த இயந்திரம் தந்த ஒரு விடையைத் திரையில் போட்டு, இதில் பிழை எங்கே, இது சொல்லும் புத்தகம் உண்மையில் இருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள். இல்லாத புத்தகத்தை இருப்பதாகச் சொல்லும் வழக்கம் அதற்கு உண்டு. அதைக் கையும் களவுமாகப் பிடித்த பிள்ளை, அடுத்த முறை எதையும் அப்படியே நகலெடுக்கத் தயங்கும்.

கடைசியாக, இந்த அவையில் இருக்கும் தலைமை ஆசிரியர்களிடமும் நிர்வாகிகளிடமும் ஒன்று கேட்க வேண்டும். திரை வாங்கப் பணம் ஒதுக்குகிறீர்கள். அதைக் கற்கும் நேரத்தை யார் ஒதுக்குவது? ஒரு நாள் பயிற்சி என்று அரங்கத்தில் உட்காரவைத்து ஸ்லைடு காட்டினால், மறுநாள் வகுப்புக்கு ஒன்றும் வந்து சேராது. தன் வகுப்பில், தன் பாடத்தில், பக்கத்தில் சக ஆசிரியர் ஒருவர் இருக்கும்போதுதான் ஓர் ஆசிரியர் துணிந்து முயல்வார். வாரத்துக்கு ஒரு பாடவேளை, இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து அடுத்த வாரப் பாடத்தைக் கருவியோடு தயாரிக்க வேண்டும். அந்த வேளையில் பதிலி வகுப்புக்கும் விடைத்தாள் திருத்தவும் அவர்களை அழைக்கக் கூடாது. வரும் ஆண்டின் கால அட்டவணை போடும்போது அந்தப் பாடவேளையை முதலில் குறித்துவிட்டு, மற்றவற்றைப் பிறகு நிரப்புங்கள்.

நன்றி, வணக்கம்.