புள்ளி வைத்த இடம்: பெஞ்சமின் மேஸ் பட்டிமன்றத்தில் ‘போதகரே’ அணியின் உரை

நடுவர் ஐயா அவர்களே, எதிரணியில் இருக்கும் என் சக ஆசிரியர்களே, நாற்காலி கிடைக்காமல் வாசல் வரை நின்று கேட்கும் காரைக்குடிப் பெரியவர்களே, ஆச்சிமார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

“அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் பெஞ்சமின் மேஸின் வாழ்வில் ஓங்கி நிற்பது ஆசிரியர் பணியா, போதகர் பணியா?” இதுதான் இன்றைய கேள்வி. போதகர் பணியே என்று சொல்ல வந்திருக்கிறேன். நானோ முப்பது வருடமாகக் கணக்கு டீச்சர். அப்படியிருந்தும் இந்தப் பக்கத்தை நானே கேட்டு வாங்கினேன். வகுப்பறையால் என்ன முடியும், எது முடியாது என்று எனக்கு ஓரளவு தெரியும். அதனால்தான் கேட்டேன்.

எதிரணித் தலைவர் தம்பி அடுக்கடுக்காகச் சொன்னார். மேஸ் 1921-இல் அட்லாண்டாவில் சைலோ பாப்டிஸ்ட் சபைக்குப் போதகரானார், அந்த வேலையில் மூன்று வருடம் போல இருந்தார், அவ்வளவுதான். ஆனால் அதே அட்லாண்டாவில், கறுப்பின மாணவர்கள் படிக்கும் மோர்ஹவுஸ் கல்லூரிக்கு 1940 முதல் 1967 வரை 27 வருடம் தலைவர். ஓய்வு பெற்ற பிறகும் அட்லாண்டா நகரக் கல்வி வாரியத்துக்குத் தலைவர். “மூணு பெரிசா, இருபத்தேழு பெரிசா, கணக்கு டீச்சரே சொல்லட்டும்” என்று என்னையே கேட்டார். கைதட்டினீர்கள். நல்ல கேள்விதான். சொல்கிறேன்.

மேஸ் பிறந்தது 1894-இல், சவுத் கரோலைனா மாநிலத்தில் ஒரு பருத்திக்காட்டில். அப்பா, அம்மா இருவருமே அடிமைகளாகப் பிறந்தவர்கள். எட்டுப் பிள்ளைகளில் இவர் கடைக்குட்டி. அவருக்கு நினைவு தெரிந்த முதல் சம்பவம் 1898-இல் நடந்தது. நாலு வயது. குதிரையில் துப்பாக்கியோடு ஒரு வெள்ளையர் கூட்டம் வருகிறது. அப்பாவைத் தொப்பியைக் கழற்றச் சொல்கிறது, கும்பிடச் சொல்கிறது. ஒரு தடவை போதவில்லை, திரும்பத் திரும்பக் குனிய வைக்கிறது. பிள்ளை பார்த்துக்கொண்டு நிற்கிறான். அப்பா குனிந்ததைப் பார்த்த பிள்ளைக்கு எந்தப் பாடப் புத்தகத்தைக் கொடுத்து நிமிர்த்துவது? டீச்சராகச் சொல்கிறேன், அதற்கு என்னிடம் பாடம் கிடையாது.

அவனை நிமிர்த்தியது எது என்பதையும் மேஸே சொல்லியிருக்கிறார். ஒன்பது வயதில், ஊரிலிருந்த பாப்டிஸ்ட் தேவாலயத்தில் மலைப்பிரசங்கத்தில் ஒரு பகுதியை மனப்பாடமாகச் சொன்னான். பெண்கள் கைக்குட்டையை வீசினார்கள், கிழவர்கள் காலால் தரையைத் தட்டினார்கள், சபையே ஆரவாரம் செய்தது. எல்லோரும் காடு கழனியில் வேலை பார்க்கிறவர்கள். பாதிப்பேருக்கு எழுத்து தெரியாது. அவனுடைய அம்மாவுக்கே படிக்கத் தெரியாது. அந்த ஜனம் “இவன் பெரிய ஆளா வருவான்” என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டது.

இங்கே நம்ம ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நகரத்தார் வீடுகளில் கல்யாணம் என்றால் ஒன்பது கோயில்களில் அவரவர் கோயிலிலிருந்து மாலை வர வேண்டும். கல்யாணமான தம்பதி கோயில் கணக்கில் ஒரு புள்ளி. அந்தப் புள்ளி விழுந்தால்தான் நீ இந்தச் சமூகத்தில் ஓர் ஆள். முன்வரிசை ஆச்சிமார் தலையாட்டுகிறார்கள், என்னைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். சரி, மேஸ் பிறந்த மாநிலத்துக்கு வாருங்கள். அவர் பிறந்த மறு வருடம், 1895-இல், சவுத் கரோலைனா புதிய அரசியல் சட்டம் எழுதியது. எழுத்தறிவுச் சோதனை, சொத்துத் தகுதி என்று ஏதேதோ பெயர் சொல்லிக் கறுப்பர்களின் ஓட்டைப் பிடுங்கியது. அரசாங்கக் கணக்கில் அவர்களுக்குப் புள்ளி இல்லை. பள்ளிக்கூடக் கணக்கிலும் பெரிதாக இல்லை. அவன் ஊரில் கறுப்புப் பிள்ளைகளுக்கு வருடத்தில் நாலே மாதம்தான் பள்ளி, மற்ற மாதமெல்லாம் பருத்தி. புள்ளி விழுந்த ஒரே இடம் தேவாலயம். அது அவர்களே காசு போட்டுக் கட்டி, அவர்களே நடத்திய இடம்.

இதை நான் உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லவில்லை. மேஸே ஆராய்ந்து எழுதியது. 1933-இல் ஜோசப் நிக்கல்சனோடு சேர்ந்து கறுப்பினத் திருச்சபைகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். நகரங்களில் 609 சபைகள், கிராமங்களில் 185 சபைகள் பற்றிய ஆய்வு அது. அதில் அவர் சபைக்கு வக்காலத்து வாங்கவில்லை. போதகர்களில் பலருக்குப் படிப்பு போதாது, கட்டடக் கடன் கழுத்தை நெரிக்கிறது, பிரசங்கமெல்லாம் மறுமையைப் பற்றியே இருக்கிறது என்று கறாராக எழுதினார். எழுதிவிட்டு அந்த வீட்டை விட்டு ஓடவில்லை. போதகர்களைப் படிக்க வைக்கிற வேலையில் இறங்கினார். 1934-இல் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தின் சமயக் கல்விப் பிரிவுக்கு டீன் ஆனார். எதிரணி இதையும் ஆசிரியர் கணக்கில் எழுதிக்கொண்டது. அங்கே அவர் உருவாக்கியது யாரை? போதகர்களை!

குன்றக்குடி இங்கிருந்து கூப்பிடு தூரம். அடிகளார் செய்யாத சமூகப் பணியா? கிராமத் திட்டம் போட்டார், கல்விக்கு உழைத்தார், பட்டிமன்றத்தையே மக்கள் மன்றமாக்கியவர்களில் ஒருவர். அதற்காக “அவர் துறவி இல்லை, திட்ட அதிகாரி” என்று யாராவது சொல்வோமா? காவியைக் கழற்றாமல்தானே அத்தனையும் செய்தார்? மேஸையும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

அப்புறம் மைசூர். என் பேச்சுக்கே இதுதான் நடுத்தூண், கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். 1936 கடைசியில் மேஸ் கப்பலேறி இந்தியா வந்தார். வார்தாவில் காந்தியடிகளோடு ஒன்றரை மணி நேரம் பேசினார். அகிம்சையைப் பற்றிக் கேட்டார். தீண்டாமையை எதிர்க்கிற நீங்கள் சாதியை ஏன் நேரடியாக எதிர்க்கவில்லை என்றும் கேட்டார். பிறகு 1937 ஜனவரியில் மைசூரில் ஒய்.எம்.சி.ஏ. உலக மாநாடு. அங்கே தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளுக்கான பள்ளி ஒன்றில் இவரைப் பேச அழைத்தார்கள். தலைமையாசிரியர் அறிமுகம் செய்தார்: இவரும் அமெரிக்காவில் ஒரு தீண்டத்தகாதவர், அப்படியிருந்தும் இவ்வளவு உயர்ந்திருக்கிறார். மேஸுக்குத் தூக்கிவாரிப்போட்டது. சிகாகோ பல்கலைக்கழக டாக்டர் பட்டம் வாங்கியவர், டீன் பதவியில் இருப்பவர், இந்த வார்த்தையா? கோபம்கூட வந்தது. யோசித்துப் பார்த்தார். அந்தத் தலைமையாசிரியர் சொன்னது முழு உண்மை என்று புரிந்தது. ஊருக்குப் போனால் எத்தனையோ ஓட்டல்களில் அவரை உள்ளே விட மாட்டார்கள். டாக்டர் பட்டம் அதை மாற்றவில்லை.

மைசூர்க் கதை என்று நாம் தள்ளி உட்கார வேண்டாம். அதற்கு ஆறு வருடம் முன்னால், காரைக்குடியும் அடங்கியிருந்த பழைய இராமநாதபுரம் ஜில்லாவில், தாழ்த்தப்பட்ட மக்கள்மேல் வரிசையாகக் கட்டுப்பாடு போட்டார்கள். அவர்கள் பிள்ளைகள் எழுதப் படிக்கக் கூடாது, மிராசுதார் மாட்டைத்தான் மேய்க்க வேண்டும் என்பது அதில் ஒன்று. பார்த்தீர்களா, படிப்பைக் கண்டு எவ்வளவு பயம் என்று எதிரணி சொல்லும். சொல்லட்டும், அது உண்மைதான். ஆனால் அதே கட்டுப்பாடுகளில் குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது, சட்டை போடக் கூடாது என்பதும் உண்டு. எழுத்தைவிட அவர்கள் பயந்தது அந்த மனிதன் நிமிர்ந்து நடப்பதைக் கண்டுதான்.

என்னிடம் படித்த ஒரு பையன் பத்தாம் வகுப்பில் பள்ளிக்கே முதல் மார்க். எஞ்சினியர் ஆனான். முதல் சம்பளத்தில் இனிப்பு வாங்கிக்கொண்டு, அவனுடைய அப்பா வேலை பார்த்த பெரிய வீட்டுக்குப் போனான். நானும் கூடப் போனேன். எனக்கு வளவுக்குள் பாய் விரித்தார்கள். அவனுக்குத் திண்ணையிலேயே காபி வந்தது. யாரும் கடிந்து பேசவில்லை, அன்பாகத்தான் கொடுத்தார்கள். நான் சொல்லிக்கொடுத்த கணக்கு அவனைத் திண்ணை வரைக்கும் கொண்டுவந்து விட்டது. முகப்பைத் தாண்ட வைக்க என்னால் முடியவில்லை. அன்றைக்கு நானும் திண்ணைக்கு வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். உட்காரவில்லை. வாத்தியார் தடுமாறுகிற அந்த இடத்தில்தான் போதகர் தேவைப்படுகிறார்.

மேஸ் அந்த இடத்தில் தடுமாறவில்லை. மோர்ஹவுஸில் செவ்வாய்க்கிழமை காலை என்றால் கல்லூரிச் சிற்றாலயத்தில் மாணவர்கள் கூடுவார்கள், தலைவர் பேசுவார். 1944-இல் 15 வயதில் சேர்ந்த ஒரு பையன் அதைக் கூர்ந்து கேட்டான், பேச்சு முடிந்த பிறகும் விடாமல் தொடர்ந்து போய்க் கேள்வி கேட்டான். பெயர் மார்ட்டின் லூதர் கிங். எதிரணி “பார், ஆசிரியர் உருவாக்கிய மாணவன்” என்கிறது. வரும்போது அவன் மனதில் மருத்துவம் இருந்தது, சட்டம் இருந்தது. போதகராகும் எண்ணம் மட்டும் இல்லை. அப்பா போதகர், தாத்தா போதகர், இருந்தும் பிரசங்க மேடை அறிவுக்கு ஒத்துவருமா என்று அவனுக்குச் சந்தேகம். மேஸையும் பேராசிரியர் கெல்சியையும் பார்த்தான். இருவரும் போதகர்கள், இருவரும் அறிஞர்கள். சந்தேகம் தீர்ந்தது. 1948-இல் போதகராக அபிஷேகம் பெற்றான். மேஸ் வெறும் ஆசிரியராக இருந்திருந்தால் அமெரிக்காவுக்கு ஒரு நல்ல டாக்டர் கிடைத்திருப்பார், அல்லது ஒரு நல்ல வக்கீல்.

இன்னொரு காட்சி. 1956 பிப்ரவரி. மாண்ட்கோமரி நகரில், கறுப்பர்களைப் பிரித்து உட்கார வைக்கும் பேருந்துகளில் ஏற மறுத்துப் புறக்கணிப்புப் போராட்டம், அதற்குத் தலைமை கிங். கிங்கின் வீட்டில் ஏற்கெனவே குண்டு வீசியாயிற்று. இப்போது கைது காத்திருக்கிறது. அட்லாண்டாவில் கிங்கின் தந்தை பெரியவர்களைக் கூட்டி, மகன் திரும்பிப் போக வேண்டாம் என்று சொல்ல வைக்கிறார். மகன், போயே தீருவேன் என்கிறான். அறையில் சத்தம் இல்லை. தந்தை உடைந்து அழுகிறார். கிங் மேஸின் முகத்தைப் பார்க்கிறார். பெற்றவனின் அழுகை ஒரு பக்கம், அந்தப் பார்வை ஒரு பக்கம். மேஸ் பேசினார், அவன் போகத்தான் வேண்டும் என்று பேசினார். ஆச்சிமார்களே, நீங்கள் அந்த அறையில் இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? நான் “போகாதேடா” என்றுதான் சொல்லியிருப்பேன். நல்ல ஆசிரியர் எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். மாணவன் உயிரோடு இருக்க வேண்டும் அல்லவா?

தம்பி கேட்ட கணக்குக்கு வருகிறேன். மூன்றும் இருபத்தேழும் தனித்தனி எண்கள் என்று எடுத்துக்கொண்டதுதான் பிழை. 27 வருடமும் செவ்வாய்க்கிழமைதோறும் அவர் நின்றது பிரசங்க மேடையில். கூட்டிப் போடுங்கள்.

மணி அடித்துவிட்டீர்கள் ஐயா, ஒரே ஒரு நிமிடம். மேஸும் கிங்கும் தங்களுக்குள் ஓர் உடன்பாடு வைத்திருந்தார்கள். யார் முதலில் போகிறாரோ, அவருக்கு மற்றவர் இறுதி உரை சொல்ல வேண்டும். மேஸ் 34 வயது மூத்தவர், அந்தக் கடமை கிங்குக்குத்தான் வரும் என்று எவரும் நினைப்பார்கள். 1968 ஏப்ரல் 9. கோவேறு கழுதைகள் இழுத்துவந்த கட்டை வண்டியில் கிங்கின் உடல் மோர்ஹவுஸ் வளாகத்துக்கு வந்தது. 73 வயது மேஸ் எழுந்து பேசினார். குப்பை அள்ளும் தொழிலாளிகளுக்கு நியாயமான கூலி கேட்டுப் போன இடத்தில் சாவு வந்தது, சாவு வந்தே தீரும் என்றால் சாவதற்கு இதைவிடப் பெரிய காரணம் இல்லை என்று மார்ட்டினே சொல்லியிருப்பார் என்றார். பெற்றவர்களும் மனைவியும் நான்கு குழந்தைகளும் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். கொடுத்த வாக்கை அவர்கள் முன்னால் நிறைவேற்றினார் அந்தப் போதகர்.

வணக்கம்.