சந்தேகங்களுக்கு விளக்கம்: ரெட் டெயில் கேட்ஃபிஷுக்கு எவ்வளவு பெரிய தொட்டி கட்ட வேண்டும்?

வணக்கம். இன்றைக்கு ஒரே ஒரு கேள்வியைத்தான் எடுத்திருக்கிறேன். கும்பகோணம் பக்கத்தில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். "அண்ணா, ஏழு மாதத்துக்கு முன்னால் 3 இன்ச்சில் ஒரு ரெட் டெயில் கேட்ஃபிஷ் வாங்கினேன். இப்போது 14 இன்ச் வந்துவிட்டது. 4 அடி கண்ணாடித் தொட்டியில் இருக்கிறது. திரும்பும்போதெல்லாம் வால் கண்ணாடியில் அடிக்கிறது. கொல்லையில் இடம் இருக்கிறது. 8 அடி நீளம், 4 அடி அகலம், 3 அடி ஆழத்தில் சிமென்ட் தொட்டி கட்டலாம் என்று கொத்தனாரிடம் பேசிவிட்டேன். போதுமா?"

போதாது தம்பி. கொத்தனாருக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தாலும் வேலையைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள்.

ஏன் என்று சொல்கிறேன். இந்த மீன் அமேசான், ஓரினோகோ ஆறுகளில் வாழ்கிற மீன். பிரேசிலில் இதைப் 'பிராராரா' என்பார்கள். அங்குள்ள துப்பி மொழியில் 'பிரா' என்றால் மீன், 'அராரா' என்றால் பஞ்சவர்ணக்கிளி. அந்தச் சிவப்பு வாலுக்காக வந்த பெயர். ஆற்றில் 4 அடிக்கு மேலும் வளரும், எடை 40 கிலோவைத் தாண்டும். நம் வீடுகளில் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் 3 அடியில் இருந்து 4 அடி வரைக்கும் வரும். முதல் இரண்டு மூன்று வருடத்தில்தான் மின்னல் வேகத்தில் வளரும். அப்புறம் நிதானமாகிவிடும். ஆயுள் 15 வருடத்துக்கு மேல்.

இப்போது உங்கள் அளவைப் பாருங்கள். 4 அடி அகலத் தொட்டியில் 4 அடி மீன் எப்படித் திரும்பும்? மீனின் உடம்பு நடுவில் மடங்காது. தலைப் பக்கம் தகடு மாதிரி கெட்டியான எலும்பு. வளைவதெல்லாம் பின்பாதிதான். அதனால் தொட்டியின் நீளத்தை முதலில் பார்க்காதீர்கள், அகலத்தைப் பாருங்கள். மீன் முழுதாக வளர்ந்த பிறகு வரப்போகிற நீளத்தைப் போல இரண்டு மடங்கு அகலம் வேண்டும். ஆக 8 அடி. நீளம் 16 அடி, தண்ணீர் ஆழம் 4 அடி. 16 பெருக்கல் 8 பெருக்கல் 4, மொத்தம் 512 கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர் என்று கணக்குப் போட்டால் ஏறத்தாழ 14,500 லிட்டர். நீங்கள் சொன்ன தொட்டி 2,700 லிட்டர்தான் வரும். அதைக் கட்டினால் இன்னும் ஒரு வருடத்தில் என்னிடம் இதே கேள்வியைக் கேட்பீர்கள். காசு இரண்டு முறை செலவாகும்.

"தொட்டி அளவுக்குத்தான் மீன் வளரும், கவலைப்படாதீர்கள்" என்று கடையில் சொல்லியிருப்பார்கள். எல்லோருக்கும் சொல்வதுதான். அதை நம்பாதீர்கள். சின்னத் தொட்டியில் வளர்ச்சி குறைகிறது என்றால், கழிவு சேர்ந்த தண்ணீரில் மீன் நலிந்துபோகிறது என்று அர்த்தம். முதுகு கூனி, மூக்கு கண்ணாடியில் இடித்து இடித்துப் புண்ணாகி, மீசை தேய்ந்துபோன ரெட் டெயில்களை நான் பார்த்திருக்கிறேன். அதன் மூன்று ஜோடி மீசையும் அதற்குக் கை மாதிரி, மூக்கு மாதிரி. இருட்டில் இரை தேடுவதே அதை வைத்துத்தான்.

சரி, இடத்துக்கு வருவோம். கொல்லை என்று சொன்னீர்கள், நல்லது. இதைக் கேட்கிற வேறு யாராவது மொட்டை மாடியில் கட்ட நினைத்தால் தயவுசெய்து வேண்டாம். 14,500 லிட்டர் என்றால் பதினான்கரை டன். தொட்டியின் எடை அதில் சேரவில்லை. வீட்டு அஸ்திவாரத்தை ஒட்டியும், செப்டிக் டேங்க் பக்கத்திலும் கட்டாதீர்கள். மரத்தடி நிழலாக இருக்கிறதே என்று தோன்றும். இலை விழுந்து அழுகும், வேர் சுவரைப் பிளக்கும். நிழலுக்கு மேலே 50 சதவீத ஷேட் நெட் கட்டினால் போதும். சித்திரை, வைகாசி வெயிலுக்கு 4 அடி ஆழமும் அந்த வலையும் இருந்தால் தண்ணீர் கொதிக்காது.

பாதி தரைக்குள், பாதி தரைக்கு மேல் கட்டுங்கள். தரைக்கு மேல் குறைந்தது இரண்டரை அடிச் சுவர் நிற்கட்டும். குழந்தைகள் தவறி விழாமல் இருக்க அது வேண்டும். மழைத் தண்ணீர் முற்றத்து அழுக்கோடு உள்ளே போகாமல் இருக்கவும் அதுதான் தடுப்பு. இன்னொன்று, உங்கள் ஊர் டெல்டா. ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி நீர் மேலே வந்துவிடும். அந்த மாதங்களில் தொட்டியை ஒட்டக் காலி செய்யாதீர்கள். வெளியில் இருந்து தண்ணீர் தள்ளும், உள்ளே எடை இருக்காது, தரை வெடித்துவிடும். சுவருக்குக் கம்பி கட்டி காங்கிரீட்தான் போட வேண்டும். வெறும் செங்கல் சுவர் இவ்வளவு தண்ணீரின் அழுத்தத்தை வருடக்கணக்கில் தாங்காது. கம்பி அளவை ஒரு இன்ஜினியரிடம் கேட்டு வாங்குங்கள். மூலைகளை வளைவாகப் பூசச் சொல்லுங்கள். உள்ளே சொரசொரப்பு இருக்கக் கூடாது. இந்த மீனுக்குச் செதில் கிடையாது, உரசினால் நேரடியாகத் தோல்தான் கிழியும்.

இப்போது நான் அதிகம் பேச வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டேன். பாட்டம் டிரெயின், அதாவது தொட்டியின் அடியில் இருந்தே கழிவை வெளியே கொண்டுபோகிற குழாய். என் முதல் தொட்டியில் இதை நான் வைக்கவில்லை. "நடுவில் ஓட்டை போட்டால் கசியும் சார்" என்று வேலை செய்தவர் சொன்னார், நானும் சரி என்றுவிட்டேன். இரண்டே மாதத்தில் அடியில் ஒரு விரற்கடைக்குக் கறுப்புச் சகதி. மீன் ஒரு முறை வாலை ஆட்டினால் தொட்டி முழுக்கக் கலங்கும். சைஃபன் போட்டுப் போட்டு முதுகு வலிதான் மிச்சம். ஒரு நாள் காலையில் போய்ப் பார்த்தால் மீன் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து காற்றுக்குத் தவிக்கிறது. அம்மோனியா ஏறியிருந்தது. அன்றைக்குப் பாதித் தண்ணீரை மாற்றி எப்படியோ காப்பாற்றினேன். அந்தத் தொட்டியை அப்புறம் இடிக்க வேண்டியதாகிவிட்டது. காங்கிரீட் போட்ட பிறகு இந்தக் குழாயை உள்ளே நுழைக்க வழியே இல்லை.

அதனால் தரையை நான்கு பக்கமும் நடுவை நோக்கி வாட்டம் வைத்துக் கட்டுங்கள். நடுவில் 4 இன்ச் டிரெயின். அங்கிருந்து 4 இன்ச் பி.வி.சி. குழாய் தரைக்கு அடியில் போய் பக்கத்தில் இருக்கிற ஃபில்டர் அறையில் திறக்க வேண்டும். டிரெயினுக்கு மேலே மீன் விழுங்க முடியாத மூடி இருக்கட்டும். ஃபில்டர் அறையின் தண்ணீர் மட்டமும் தொட்டியின் தண்ணீர் மட்டமும் ஒன்றாக இருந்தால் அழுக்கு தானாகவே குழாய் வழியாக வந்துவிடும், பம்பு இழுக்க வேண்டியதில்லை. பம்பைக் கடைசி அறையில் வையுங்கள். நிறையப் பேர் பம்பைத் தொட்டிக்குள்ளேயே போட்டுவிடுகிறார்கள். கழிவை அது மிக்ஸியில் அடித்த மாதிரி அடித்துத்தான் ஃபில்டருக்கு அனுப்பும், அப்புறம் அதைப் பிடிக்கவே முடியாது.

ஃபில்டரில் முதல் அறை சும்மா தண்ணீர் அமைதியாக நிற்கிற அறை. கனமான கழிவு அங்கே அடியில் தங்கும், வால்வைத் திறந்தால் தோட்டத்துக்குப் போய்விடும். தென்னைக்கும் வாழைக்கும் அதைவிட நல்ல உரம் இல்லை. இரண்டாவதில் அழுக்கைப் பிடிக்கிற பிரஷ், ஜப்பானிஸ் மேட் என்கிற நார்ப் பாய். மூன்றாவதில் பயோ மீடியா, அதாவது கழிவை மாற்றுகிற பாக்டீரியா தங்கி வளர்கிற பொருள். நான்காவதில் கல்வாழையோ வெட்டிவேரோ நட்டுக்கொள்ளலாம், நைட்ரேட்டை அது உறிஞ்சும். எல்லாம் சேர்த்துத் தொட்டியில் ஐந்தில் ஒரு பங்காவது ஃபில்டருக்கு இடம் ஒதுக்குங்கள். இது சாப்பிடுகிற சாப்பாட்டுக்கும் போடுகிற கழிவுக்கும் அது தேவைப்படும்.

பம்பு மணிக்கு 10,000 லிட்டர் என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். உயரத்துக்கு ஏற்றும்போது அது குறையும், ஆனாலும் இரண்டு மணி நேரத்துக்குள் மொத்தத் தண்ணீரும் ஒரு சுற்று வந்துவிடும். கரண்ட் செலவையும் இப்போதே யோசியுங்கள். பம்பு 120 வாட் என்றால் 24 மணி நேரமும் ஓடி இரண்டு மாதத்துக்கு 170 யூனிட்டுக்கு மேல் வரும். இலவசமாகக் கிடைக்கிற யூனிட்டில் பெரும்பகுதியை மீனே தின்றுவிடும். வீட்டில் இதைச் சொல்லிவிட்டுக் கட்டுங்கள். அந்த லைனுக்குத் தனியாக 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., அதாவது கரண்ட் கசிந்தால் உடனே துண்டித்துவிடுகிற ஸ்விட்ச், கட்டாயம் போடுங்கள். தண்ணீருக்குள் கரண்ட் கசிந்தால் கை வைக்கிற மனிதருக்குத்தான் ஆபத்து. கரண்ட் போனால் ஓடுவதற்கு இன்வெர்ட்டரில் ஒரு ஏர் பம்பாவது இருக்கட்டும்.

மேலே நிரம்பினால் வெளியேற ஒரு ஓவர்ஃப்ளோ குழாய் வைப்பீர்கள். அதன் வாயில் கண்டிப்பாகக் கம்பி வலை. சுவரின் விளிம்பு தண்ணீருக்கு மேல் ஒரு அடியாவது நிற்கட்டும். 2018 கேரள வெள்ளத்துக்குப் பிறகு அங்கே ஆறுகளில் அராபைமாவும் அலிகேட்டர் காரும் வலையில் மாட்டின. 2023ல் ஸ்ரீநகர் தால் ஏரியில் ஒரு அலிகேட்டர் கார் கிடைத்தது. எல்லாம் யாரோ ஒருவர் வளர்த்த மீன்கள். நம்மூர் ஏரிகளில் டேங்க் கிளீனர் என்கிற தொட்டி மீன் எப்படிப் பெருகிக் கிடக்கிறது என்று மீன் பிடிக்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், வலையைக் கிழித்துக்கொண்டு வருகிறது என்று புலம்புவார்கள். உங்களால் வளர்க்க முடியாமல் போனால் காவிரியிலோ குளத்திலோ மட்டும் விட்டுவிடாதீர்கள். அதைவிட, கட்ட முடியாது என்று இப்போதே தோன்றினால் 14 இன்ச்சில் இருக்கும்போதே பெரிய தொட்டி வைத்திருக்கிற ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். 3 அடி ஆன பிறகு இனாமாகக் கொடுத்தாலும் வாங்க ஆள் கிடைக்காது.

கட்டி முடித்தவுடன் மீனை விடக் கூடாது. புதுச் சிமென்ட்டில் இருந்து சுண்ணாம்பு இறங்கும், தண்ணீரின் பிஹெச், அதாவது காரத்தன்மை, எகிறும். நம்மூர் வழக்கம் என்ன என்றால், தண்ணீரை நிரப்பி வாழை மரத்தைத் துண்டு துண்டாக வெட்டிப் போட்டு ஊற விடுவார்கள். ஒரு வாரம் கழித்து இறைத்துவிட்டு, தேய்த்துக் கழுவி, மறுபடியும் அதே மாதிரி. மூன்று தடவையாவது செய்து, பிஹெச் பார்த்து 8க்குக் கீழே நிலையாக நின்ற பிறகு உள்ளே எபாக்சி பூசுவது என் வழக்கம். குடிநீர்த் தொட்டிக்குப் பூசுகிற வகை எபாக்சிதான் வாங்க வேண்டும்.

அப்புறம் ஃபில்டரை ஓட விடுங்கள். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் அதை நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியா வளர நான்கில் இருந்து ஆறு வாரம் ஆகும். இப்போது இருக்கிற கண்ணாடித் தொட்டியின் ஸ்பாஞ்சைக் கழுவாமல் அப்படியே எடுத்துப் புது ஃபில்டரில் போட்டால் சீக்கிரம் பிடிக்கும். டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்ட வேண்டும்.

மீனை மாற்றும்போது வலையால் பிடிக்காதீர்கள். பக்கத் துடுப்பின் முள் வலையில் சிக்கி, எடுக்கும்போது ஒடிந்துவிடும். ஒரு பெரிய டப்பைத் தண்ணீருக்குள் சாய்த்து, மெதுவாக அதற்குள் ஓட்டித் தண்ணீரோடு தூக்குங்கள். சாயங்காலம் செய்யுங்கள். முதல் மூன்று நாள் ஒரு மூலையில் கல் மாதிரி கிடக்கும், சாப்பிடாது. பயப்படாதீர்கள். நான்காவது நாளோ ஐந்தாவது நாளோ இருட்டுகிற நேரத்தில் கரை ஓரமாக மீசையை நீட்டிக்கொண்டு ஒரு சுற்று வரும். அந்த வெள்ளைப் பட்டையும் சிவப்பு வாலும் ஒரே வீச்சில் திரும்புவதை அன்றைக்குத்தான் முதல் தடவையாக முழுதாகப் பார்ப்பீர்கள். கண்ணாடித் தொட்டியில் அது தெரியவே தெரியாது.

சாப்பாடு பற்றி ஒரு வார்த்தை. சின்ன வயதில் தினமும் கொடுக்கலாம். 2 அடி தாண்டிய பிறகு வாரத்துக்கு இரண்டு தடவை போதும். பெல்லட், இறால், மீன் துண்டு. கோழிக் கழிவு வேண்டாம், அந்தக் கொழுப்பு மீனுக்குச் செரிக்காது. தரையில் கூழாங்கல் எதுவும் போடாதீர்கள். கண்டதையும் விழுங்குகிற மீன் இது. கூட வேறு மீன் விடுவதாக இருந்தால், அதன் வாய்க்குள் நுழையாத மீனாக இருக்க வேண்டும். அந்த வாயை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

தம்பி, புது அளவில் கொத்தனாரிடம் பேசுங்கள். குழி வெட்டி, டிரெயின் குழாயைப் பதித்து, காங்கிரீட் போடுவதற்கு முன்னால் அந்தக் குழாயை மட்டும் ஒரு ஃபோட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். நான் பார்த்துச் சொன்ன பிறகு கலவை கலக்கட்டும்.