உப்பளத்தில் தண்ணீர் குடிப்பது பற்றி

(தூத்துக்குடி வட்டார உப்பளத் தொழிலாளர்களுக்காகக் கோடைக்கு முன் நடந்த நலக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற அரசு மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

அம்மாமார்களுக்கும் அண்ணன்மார்களுக்கும் வணக்கம்.

"நிறையத் தண்ணீர் குடியுங்கள்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போக ஒரு டாக்டர் வேண்டியதில்லை. வானொலி சொல்கிறது, தொலைக்காட்சி சொல்கிறது, பஸ் நிலையத்துச் சுவரொட்டியும் சொல்கிறது. குடிக்க வேண்டும் என்பது தெரியாதவர் இந்தப் பந்தலில் ஒருவரும் இருக்கமாட்டீர்கள். இருந்தும் விடியலில் அளத்துக்குள் இறங்கும் பெண்களில் பலர் வேலை முடிகிற வரைக்கும் இரண்டு வாய்த் தண்ணீரோடு ஓட்டிவிடுகிறார்கள். காரணத்தையும் அவர்களே சொல்லிவிடுகிறார்கள்: "குடித்தால் போக வேண்டும் சார், எங்கே போவது?" கண்ணுக்கெட்டிய தூரம் பாத்திதான். மரம் கிடையாது, புதர் கிடையாது. ஆண்கள் வரப்போரம் திரும்பி நின்றுகொள்கிறார்கள். பெண்கள் அடக்கிக்கொள்கிறார்கள். அதனால் உடம்பைப் பற்றிப் பேசும்போது கழிப்பறையைப் பற்றியும் பேசுவேன். மேடையில் பேசுகிற விஷயமா இது என்று யாராவது முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

முதலில் உடம்பு. உப்பை வாரிச் சேர்க்கும் வாருபலகையை இழுக்கும்போது தசைகளில் சூடு பிறக்கிறது. மேலே வெயில், கீழே வெள்ளை உப்பு அந்த வெயிலைத் திருப்பி அடிக்கிறது. இந்தச் சூட்டை வெளியேற்ற உடம்புக்கு இருக்கும் முக்கியமான வழி வியர்வை. வியர்வை ஆவியானால்தான் தோல் குளிரும். நம் கடற்கரைக் காற்றிலோ ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கிறது. வியர்வை ஆவியாகாமல் முதுகில் வழிந்து சொட்டுகிறது. தண்ணீர் போய்விடுகிறது, குளிர்ச்சியும் கிடைப்பதில்லை. கடும் வெயிலில் கடும் வேலை செய்பவருக்கு மணிக்கு ஒரு லிட்டர் வரைக்கும், சிலருக்கு அதற்கு மேலும் வியர்வை போகும். கூடவே உப்பும் போகும். நாள் முழுவதும் உப்பில் நிற்கிறவர்களுக்கே உடம்பில் உப்புக் குறைகிறது என்றால் வேடிக்கையாக இருக்கும், ஆனால் உண்மை.

60 கிலோ எடையுள்ள ஒருவர் 600 மில்லி இழந்தால் எடையில் ஒரு சதவீதம் போகிறது. தாகம் பெரும்பாலும் அந்த அளவை ஒட்டியோ தாண்டியோதான் எட்டிப் பார்க்கிறது. வயதானவர்களுக்கு இன்னும் தாமதம். அவர்களின் தாக உணர்வே மங்கியிருக்கும். இரண்டு சதவீதம் போகும்போது கைவேகம் குறையும், தலை கனக்கும், காரணமில்லாமல் பக்கத்தில் இருப்பவர்மேல் எரிச்சல் வரும். பதினோரு மணி வாக்கில் அளத்தில் நடக்கும் சண்டைகளில் பாதி தண்ணீர்ச் சண்டை என்பது என் சந்தேகம். (சிரிப்பு)

வாய் உலர்வது, தலைவலி, குனிந்து நிமிரும்போது கண் இருட்டுவது, கெண்டைக்கால் குரக்களி, நெஞ்சு படபடப்பு ஆகியவை ஆரம்ப அறிகுறிகள். வீட்டுக்குப் போனதும் சிறுநீரின் நிறத்தைப் பாருங்கள். வெளிர் மஞ்சள் என்றால் நல்லது. அடர் மஞ்சளாகவும் கொஞ்சமாகவும் போனால் அன்றைக்குக் குடித்தது போதவில்லை. சத்து மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு மாத்திரையாலேயே பளிச்சென்று மஞ்சளாகப் போகும், அதற்குப் பயப்பட வேண்டாம். பழுப்பு நிறமாகப் போனால் மறுநாள் வேலைக்குப் போகாமல் ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்.

கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் கொஞ்சம் கவனியுங்கள். வயிற்றுப்போக்கு கண்ட குழந்தை அழும்போது கண்ணீர் வராமல் இருப்பது, உச்சிக்குழி உள்வாங்குவது, கண்கள் குழி விழுவது, பல மணி நேரம் துணி நனையாமல் இருப்பது எல்லாம் நீர் வற்றியதற்கான அடையாளங்கள். வயிற்றுத் தோலை மெல்லக் கிள்ளி விட்டால் உடனே பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். இரண்டு விநாடிக்கு மேல் மடிப்பு நின்றாலோ, குழந்தை குடிக்க மறுத்துத் துவண்டு கிடந்தாலோ வீட்டு வைத்தியத்துக்கு நேரம் கிடையாது. இந்தக் கிள்ளும் சோதனையைப் பாட்டிக்குச் செய்து பார்க்காதீர்கள். வயதானவர்களின் தோல் எப்போதுமே மெதுவாகத்தான் திரும்பும்.

பெரியவர்களிடம் ஆபத்தான அடையாளம் ஒன்று உண்டு. வேலை செய்துகொண்டிருப்பவர் திடீரென்று குழறிப் பேசுகிறார், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்கிறார், தள்ளாடுகிறார், உடம்பு நெருப்பாகக் கொதிக்கிறது என்றால் அது வெப்பத்தாக்கு. வியர்வை நின்றுவிட்டதா என்று தடவிப் பார்த்து நேரத்தை வீணாக்காதீர்கள். வியர்த்துக்கொண்டிருக்கும்போதே வெப்பத்தாக்கு வரலாம். நிழலுக்குத் தூக்கிச் செல்லுங்கள், உடையைத் தளர்த்துங்கள், தலையிலிருந்து கால்வரை தண்ணீரைக் கொட்டி விசிறுங்கள், ஒருவர் 108-ஐ அழையுங்கள். நினைவு தப்பியவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. அது நுரையீரலுக்குள் போய்விடும்.

சரி, எவ்வளவு குடிப்பது? வெயிலில் வேலை செய்யும்போது பதினைந்து, இருபது நிமிடத்துக்கு ஒரு டம்ளர். மொத்தமாகச் சேர்த்து வைத்து ஒரே மூச்சில் குடிப்பதால் பயனில்லை. மணிக்கு ஒன்றரை லிட்டரைத் தாண்டவும் வேண்டாம். வெறும் தண்ணீரையே அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய் அதுவும் ஆளைச் சாய்க்கும். உப்புப் போட்ட நீராகாரம், நீர்மோர், கஞ்சி இவற்றைவிட நல்ல பானத்தை நான் கடையில் பார்த்ததில்லை. பதநீரும் இளநீரும் கிடைக்கும்போது குடியுங்கள். தேநீர் உடம்பின் தண்ணீரை உறிஞ்சிவிடும் என்ற பேச்சு மிகை. அளவாகக் குடித்தால் அதுவும் கணக்கில் சேரும். முதல் நாள் இரவு குடித்த மதுதான் மறுநாள் வெயிலில் கணக்குத் தீர்க்கும். அண்ணன்மார்கள் தரையைப் பார்க்க வேண்டாம், பொதுவாகத்தான் சொன்னேன். இரத்த அழுத்தம், இதயம், சிறுநீரகம் என்று மருந்து எடுப்பவர்கள் மட்டும் தங்கள் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

உடம்பு இழந்த நீரையும் உப்பையும் ஈடுகட்டத் தண்ணீரில் கலந்து குடிக்கும் ஓஆர்எஸ் பொடிக்கு ஒரு கதை இருக்கிறது. 1971-இல் கிழக்கு பாகிஸ்தானிலிருந்து அகதிகள் மேற்கு வங்கத்துக்குள் திரண்டு வந்தார்கள். எல்லையோர ஊரான பங்கானில் காலரா. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோயிற்று. திலீப் மஹலனாபிஸ் என்ற மருத்துவர் உப்பையும் குளுக்கோஸையும் சமையல் சோடாவையும் தண்ணீரில் கலந்து, நோயாளிகளின் உறவினர் கையிலேயே கொடுத்துக் குடிக்க வைத்தார். முப்பது சதவீதத்தை ஒட்டி இருந்த இறப்பு நான்கு சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. குடல் சர்க்கரையை உள்ளே இழுக்கும்போது உப்பும் சேர்ந்து போகிறது, பின்னாலேயே தண்ணீரும் போகிறது. அந்த அளவு பிசகினால் வேலை நடக்காது. ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு லிட்டரில் முழுதாகக் கொட்டுங்கள். பாதியை நாளைக்கு மிச்சம் வைக்காதீர்கள். 200 மில்லி பாக்கெட்டும் விற்கிறார்கள், உறையைப் பார்த்துக் கலக்குங்கள். பாக்கெட் இல்லையென்றால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீருக்குத் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் போடுங்கள். இரண்டில் எதைக் கலந்தாலும் 24 மணி நேரத்துக்குமேல் வைக்காதீர்கள். அளத்து உப்பைக் கையால் அள்ளிப் போடும் பழக்கம் வேண்டாம். சர்க்கரை நிறைந்த பானங்களுக்கும் 'ஓஆர்எஸ்' என்று பெயர் சூட்டி விற்றுவந்தார்கள். 2025 அக்டோபரில்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரைப் பயன்படுத்தத் தடை போட்டது.

மீண்டும் கழிப்பறைக்கு வருகிறேன். குடிக்காமலும் போகாமலும் இருந்தால் முதலில் வருவது நீர்க்கடுப்பும் தொற்றும். ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் சிறுநீரகமே அடிபடலாம். எல் சால்வடாரிலும் நிகராகுவாவிலும் கரும்பு வெட்டும் தொழிலாளர்களுக்குச் சர்க்கரை நோயோ இரத்த அழுத்தமோ இல்லாமலேயே சிறுநீரகம் செயலிழந்துபோனது. வெயிலில் மீண்டும் மீண்டும் நீர் வற்றியதை முக்கியக் காரணமாக ஆய்வாளர்கள் சந்தேகிக்கிறார்கள். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா கல்வி நிறுவனத்தார் தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்களிடமும் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். அதே நிறுவனத்தார் 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து 2024-இல் வெளியிட்ட ஆய்வு, வெப்பத்தில் வேலை செய்பவர்களுக்குக் கருச்சிதைவு ஆபத்து ஏறக்குறைய இரட்டிப்பாக இருந்ததைக் காட்டியது.

2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தில் 18-ஆம் பிரிவு குடிநீர், அடுத்த 19-ஆம் பிரிவு கழிப்பறை. அளத்துக்கு அந்தச் சட்டம் எவ்வளவு சென்றது என்பதை வழக்கறிஞர்கள் வாதாடட்டும். உடம்புக்கு அந்த வரிசை அப்படியே செல்லும். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அளத்துக்குள் தண்ணீரும் நிழலும் கேட்டு மனு எழுதும்போது அதைக் குறிப்பிடுங்கள். ஆனால் "குடிநீர் வசதி" என்று மட்டும் எழுதி முடித்துவிடாதீர்கள். தண்ணீர்க் கேன் இறக்குவது முதலாளிக்குச் சுலபம், புகைப்படமும் எடுத்துக்கொள்வார். பாத்தியிலிருந்து நடந்து போகும் தூரத்தில், கதவும் தாழ்ப்பாளும் உள்ள, தண்ணீர் வரும் கழிப்பறை என்று எழுதுங்கள். போய்வரும் நேரத்துக்குக் கூலி பிடிக்கக் கூடாது என்றும் எழுதுங்கள். தலைக்கு இத்தனை கிலோ என்று வாரச் சொல்லும் இடங்களில் அந்த வரி இல்லாவிட்டால் கழிப்பறை பூட்டியே கிடக்கும்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். ஓஆர்எஸ் கலந்து பழக விரும்புகிறவர்கள் மேடைக்கு வலப்பக்கம் வாருங்கள்; லிட்டர் பாட்டிலும் தேக்கரண்டியும் அங்கே இருக்கின்றன. மனுவின் நகல் செயலாளரிடம் உள்ளது.