கால் சுட்டா சோடியம் மூளை வரைக்கும் ஓடுதா?

குடியாத்தத்துலேருந்து ஒரு பிளஸ் ஒன் பொண்ணு கேட்டிருக்காங்க: "நரம்புல போறதும் கரண்ட்தானே, அப்புறம் ஏன் ஒயர்ல மாதிரி சட்டுனு போகல? உள்ள வர்ற சோடியம்தான் மூளை வரைக்கும் ஓடுதா?"

ஓடலம்மா. நுழைஞ்ச இடத்தச் சுத்தியேதான் இருக்கும். பட்டாசுச் சரத்த நினைச்சுக்கோ. முதல் வெடியோட மருந்து கடைசி வெடி வரைக்கும் போகுதா? ஒவ்வொண்ணும் தன் மருந்துல வெடிச்சு பக்கத்துல இருக்கிறதப் பத்த வைக்குது, அவ்ளோதான். அதனாலதான் கடைசி வெடியும் அதே சத்தம் போடுது.

இங்க மருந்து எதுன்னா, உள்ளயும் வெளியயும் இருக்கிற அளவு வித்தியாசம்தான்: நரம்பு செல்லுக்கு வெளிய சோடியம் லிட்டருக்கு 145 மில்லிமோல், உள்ள 12 கிட்டதான். பொட்டாசியம் தலைகீழ்: உள்ள 140, வெளிய 4. சும்மா இருக்கும்போது பொட்டாசியம் கசிஞ்சு வெளிய போறதால உள்பக்கம் மைனஸ் 70 மில்லிவோல்ட். பக்கத்து இடம் வெடிச்சு அது மைனஸ் 55 கிட்ட ஏறிடுச்சுன்னா சோடியம் சேனல், அதாவது செல்லோட சவ்வுல சோடியம் நுழையற கதவு, மடமடன்னு திறக்கும், சோடியம் உள்ள பாய்ஞ்சு ஒரு மில்லிசெகண்டுக்குள்ள பிளஸ் 30. உடனே அந்த சேனல் தானா அடைச்சுக்கும். பொட்டாசியம் சேனல் திறந்து, மறுபடி மைனஸ். அடைச்ச சேனல் ஒண்ணு ரெண்டு மில்லிசெகண்டுக்குத் திறக்காது, அதனால சிக்னல் வந்த வழியே திரும்பாது.

"பம்ப்தான் மறுபடி மைனஸுக்குக் கொண்டு வருது"ன்னு பரீட்சையில எழுதிடாத. தப்பு அது. சவ்வுல இருக்கிற அந்த பம்ப் 3 சோடியத்த வெளிய தள்ளி 2 பொட்டாசியத்த உள்ள இழுக்கிற நிதானமான ஆளு, மருந்து ரொப்பி வைக்கிற வேலைதான் அதுக்கு. கணவாய் மீனோட நரம்புல பம்பையே நிறுத்திப் பார்த்தாங்க, அப்பவும் சிக்னல் ரொம்ப நேரம் போயிட்டே இருந்துச்சு.

வேகத்துக்கு வருவோம். கத்திரி வெயில், மத்தியானம், வேலூர் கோட்டைக் கோயில்ல செருப்பில்லாம வெளிக் கல்லுல கால் வைக்கிற. சுருக்குன்னு ஒரு வலி, காலத் தூக்கிடுற. தூக்கினப்புறம்தான் எரிச்சல் வருது, கவனிச்சிருக்கியா? ரெண்டும் வேற வேற நரம்பு. சுருக்குன்னு வர்றது மெல்லிசா மையலின்ங்கிற கொழுப்பு உறை சுத்தின நரம்புல, நொடிக்கு 15 மீட்டர் மாதிரி. எரிச்சல் உறையில்லாத நரம்புல, நொடிக்கு ஒரு மீட்டர்தான். பாதத்துலேருந்து தண்டுவடம் ஏறக்குறைய ஒரு மீட்டர். முதல் சேதி 70 மில்லிசெகண்டுல சேர்ந்துடும், அடுத்தது சேர ஒரு நொடி ஆகும்.

உறை இருந்தா ஏன் வேகம்? பெரிய நரம்புல ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு தடவைதான் உறையில இடைவெளி, ரான்வியர் கணு. சோடியம் சேனல் அங்கதான் குவிஞ்சிருக்கு. நடுவுல உள்ள தூரத்துல மட்டும் நீ சொன்ன ஒயர் மாதிரி கரண்ட் பரவுது, கணுவுல புதுசா வெடிக்குது. வெடிக்கிற இடம் குறைஞ்சா நேரம் மிச்சம்.

பல்லு புடுங்கறப்ப போடுற லிக்னோகெயின் ஊசி இந்த சோடியம் சேனலத்தான் அடைக்குது. ஒரு கணுவ மட்டும் அடைச்சா பத்தாது, கரண்ட் அதத் தாண்டி அடுத்த கணுவப் பத்த வச்சிடும். வரிசையா மூணு கணுவாவது ஊசி மருந்துல நனையணும். ஊசி கொஞ்சம் தள்ளி இறங்கிட்டா மரத்துப் போகாம வலிக்கிறது அதனாலதான்.